பிறப்பதற்கு முன் முடிய வேண்டியவை

சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் சாம்பிளைப் பார்த்துச் சரி என்று சொல்வதற்கு முன்பே தையலைத் தொடங்கிவிடுவது எங்கள் பனியன் கம்பெனியில் வழக்கம். கப்பல் யாருக்காகவும் நிற்காது, பையர் எப்படியும் கடைசியில் சரி என்றுதான் சொல்லப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் புரட்டாசி மாதத்துத் திங்கட்கிழமை காலையில் தையல் வரிசையில் எல்லோரும் பெடலை மிதித்தபோது மோட்டார் ஓடியது, பெல்ட் சுற்றியது, ஊசி மட்டும் கீழே இறங்கி வந்து துணிக்கு ஒரு முடி அளவு மேலே நின்றுகொண்டது. மெக்கானிக் வந்து எண்ணெய் விட்டார், ஊசியை மாற்றினார், ஒரு மெஷினை முழுதாகப் பிரித்துப் பூட்டினார், ஊசிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தார், காகிதம் தடையில்லாமல் போய் வந்தது. மத்தியானம் ஜெர்மனியிலிருந்து சரி என்று மெயில் வந்தது, மாடியில் நான் கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிற சாஃப்ட்வேரில் சாம்பிள் வரிக்கு எதிரே டிக் போட்டேன், கீழே அத்தனை ஊசிகளும் ஒரே சத்தமாகத் துணிக்குள் இறங்கின.

"பூட்டுப் போட்டிருந்தீங்களாக்கும், சொல்லியிருந்தா டீயாச்சும் குடிச்சிருப்போமுங்க" என்று டெய்லர் சரசாக்கா மாடியைப் பார்த்துச் சொன்னாள். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினார்கள்.

அந்த சாஃப்ட்வேரை முதலாளியின் மகன் வாங்கி வைத்திருந்தார். ஒரு பெரிய வேலையை எழுதி, அதற்குள் சின்ன வேலைகளைப் பிரித்து எழுதி, எது முடிந்த பிறகு எது என்று ஒன்றோடு ஒன்றைக் கோத்துவிட்டால், முந்தையது முடியும்வரை பிந்தையதற்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரியும். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு உதவியாளாகச் சேர்ந்திருந்த என்னிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். எங்கள் தொழிலில் திட்டத்தைக் கடைசியிலிருந்துதான் போடுவோம். கப்பல் ஏறும் நாளை முதலில் எழுதி, இதற்கு முன்னால் என்ன முடிய வேண்டும், பேக்கிங், அதற்கு முன்னால், அயர்னிங், அதற்கு முன்னால், செக்கிங், என்று கேட்டுக் கேட்டுப் பின்னோக்கி நடந்து போனால் கடைசியில் நூல் வாங்குகிற நாளில் போய் நிற்போம். எனக்கு எதையாவது விட்டுவிடுவேனோ என்று எப்போதும் பயம் என்பதால் ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். என் வீட்டில் காலேஜ் முடித்தவள் நான் ஒருத்திதான், அதற்கும் இதே கேள்வியைக் கேட்டால் அதுவும் பின்னோக்கித்தான் போகும். நான் படித்து முடிப்பதற்கு முன்னால் என்ன முடிய வேண்டியிருந்தது என்றால், என் அக்காவின் படிப்பு முடிய வேண்டியிருந்தது. அப்பா இறந்த வருஷம் அவள் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நேராக இதே கம்பெனிக்கு வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாள்.

ஊசிகள் நின்ற செய்தி அந்த வாரத்திலேயே கம்பெனியைத் தாண்டிவிட்டது. எப்படி நின்றது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, எனக்கொன்று போட்டுத் தருவாயா என்றுதான் கேட்டார்கள். முதலில் வந்தவள் சரசாக்கா. அவளுடைய புருஷன் பாட்டிலைத் திறப்பது, வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைத்த பிறகு என்று போடச் சொன்னாள், போட்டேன். அன்றைக்கு அந்த மனிதர் மூடியைக் கையால் திருகி, பல்லால் கடித்து, கடைசியில் கழுத்தையே கல்லில் தட்டிப் பார்த்தார். உடையவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். மறுநாள் குழாயடியில் ஆண்கள் வரிசை நின்றது, அதைப் பார்த்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் என் மேஜைக்கு வந்தார்கள். பிள்ளைகளின் டிவி வீட்டுப்பாடத்துக்குப் பிறகு என்று ஆனது. ஒருத்தி தன் மாமியாரின் கோபத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று போட்டாள். வயிறு நிறைந்த பிறகு அந்தக் கோபம் வரவே மாட்டேன் என்றதால், மாமியாரே மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "எதையோ தொலைச்ச மாதிரி இருக்குது அம்மிணி, எடுத்துவிடு" என்று கேட்டாள். கல்யாண மண்டபம் ஒன்றில் கடைசியில் நிற்கிறவர்களுக்கும் இலை போட்ட பிறகுதான் பரிமாறுவது என்று யாரோ என்னிடம் போடச் சொல்லிவிட, கரண்டியில் எடுத்த சோறு கரண்டியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பந்தியில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் திரும்பிப் பின்னால் பார்த்து, "உக்காருங்க, உக்காருங்க, உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்று ஆட்களைக் கெஞ்சினார்கள்.

இப்படியே சனங்களுக்குப் பழகிவிட்டது. எதிரே வருகிறவரைச் சாப்பிட்டாச்சா என்று கேட்ட வாய்கள், என்ன பூட்டு கிடக்குது என்று கேட்கத் தொடங்கின. கட்டிங் மாஸ்டர் யூசுப் பாய், துணியை விரிக்கும்போதே பக்கத்திலிருப்பவரிடம், "இதுக்கு முன்னால என்ன முடியணும், யோசிச்சுக்கோ" என்பார். பூட்டின் குணமும் தெரிந்துவிட்டது. போடச் சொன்னவர் எடு என்றால் எடுக்கலாம், அவர் சொல்லாமல் நானாக அழித்தாலோ டிக் போட்டாலோ மறுநாள் காலையில் அது இருந்த இடத்தில் இருந்தபடி இருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம் என் அம்மா மாடிக்கு வந்தாள். அம்மாவின் பெயர் துளசிமணி, கீழே செக்கிங் மேஜையில் பனியன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிசிறு வெட்டுகிறவள். மகள் மாடியில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் கம்பெனி நேரத்தில் மாடிப்படியே ஏறாதவள். கையில் கத்தரியோடு வந்து நின்றாள்.

"எனக்கொன்னு போடு."

"சொல்லுங்கம்மா."

"நான் அவளக் கூப்படறது. அவளா வந்து நம்ம வாசல்ல நின்ன பொறவு."

அவள் என்றால் கோகிலவாணி, என் அக்கா. அக்கா இரண்டு மெஷின் தள்ளித் தைத்துக்கொண்டிருந்த இசக்கிராஜா என்கிற கோவில்பட்டிப் பக்கத்துப் பையனை, எங்கள் ஆட்கள் இல்லாத ஒருவரை, அம்மாவிடம் சொல்லாமல் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். நொய்யல் பாலத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு வந்து போகிற டவுன்பஸ்ஸே அவர்கள் தெருவையும் தொட்டுப் போகும் தூரத்தில் குடியிருந்தாள். அம்மா அன்றிலிருந்து அவள் பெயரைச் சொன்னதில்லை. என்னைப் போகவேண்டாம் என்றும் சொன்னதில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தால், என்ன குழம்பு வைத்திருந்தாள் என்று மட்டும் சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

"ஏம்மா இதுக்குப் போய்ப் பூட்டு? நீங்கதான் எப்படியும் கூப்படறதில்லையே."

அம்மா கத்தரியை ஒரு முறை திறந்து மூடினாள். "மாசமா இருக்கறாளாமா. சரசா சொன்னா. பூட்டு இல்லீன்னா நானே ஒரு நாளைக்கு வாய் தவறிக் கூப்புட்டுருவேன். போடு."

போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது அதை மறைக்காமல் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசிக் காம்புவரை ஆய்ந்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"எனக்கும் போடு. நான் அங்க வர்றது, அம்மா ஒரு வார்த்தை கூப்பிட்ட பொறவு."

"அக்கா, அம்மாதான் அப்படிப் போட்டிருக்காங்கன்னு சொல்றனே. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும்."

"நிக்கட்டும். இல்லீன்னா இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நானே ஒரு நாளைக்கு ஓடியாந்துருவேன்."

செல்போனில் பதிந்தபோது சாஃப்ட்வேர் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வேலைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்க முடியாது என்று சிவப்பில் ஒரு வரி காட்டியது. அக்காவிடம் காட்டினேன். அவள் அந்தத் தொழிலிலேயே வளர்ந்தவள். ஒரு ஸ்டைலில் சிக்கல் என்றால் அதை இரண்டு ஆர்டராகப் பிரித்து எழுதிச் சிக்கலை இடுக்கில் ஒளிய விடுவது எங்கள் ஊர்க் கம்பெனிகளில் எல்லோரும் செய்வதுதான்.

"வேற ஆர்டராப் போடு புள்ள. அதுக்கு ஒரு ஆர்டருக்குள்ளதான கண்ணு தெரியும்" என்றாள்.

வேறு ஆர்டராகப் போட்டதும் சிவப்பு வரி வரவில்லை. அக்கா அதோடு விடவில்லை. "தலைப்பிரசவம் அம்மா வீட்லதான். பிள்ளை பொறக்கறது, அம்மா வீட்டு வாசல் தாண்டுன பொறவு. அதையும் போடு."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். "அம்மா வாயே தெறக்கலீன்னா?"

"ஒரு வார்த்தைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குது. போதாதா அவங்களுக்கு?"

வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த இசக்கிராஜா மாமா, "ஏ மோகனா, இவ சொன்னா சொன்னதுதான். எனக்கும் ஒண்ணு போட்டுவிடு, நான் வாயத் தொறக்கது இவ தூங்குன பெறவுன்னு" என்றார். அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நானும் அக்கா சொன்னதைப் பதிந்துவிட்டேன்.

மார்கழி போனது, தை போனது. பங்குனியில் பிறக்க வேண்டிய குழந்தை பங்குனியில் பிறக்கவில்லை. சித்திரையில் வலி வருவதுபோல் வந்து, வாசல்வரை வந்த ஆள் செருப்பைக் கழற்றாமல் திரும்பிப் போவதுபோல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று உள்ளே கொண்டுபோனார்கள். கத்தி தோலுக்கு ஒரு முடி அளவு மேலே நின்றது. அந்த டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே, "யார் போட்டதுன்னு பாத்து எடுக்கச் சொல்லுங்க, எங்க வார்டுல இது புதுசில்ல" என்று சொல்லி அடுத்த மாதம் வரச் சொன்னார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

அக்காவின் வயிறு அந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு ஒரு நிரந்தரமான விஷயமாகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் ஒரு சீட்டை அவளுக்கென்றே காலியாக வைத்திருந்தார். பனிக்காலத்தில் வளைகாப்பு செய்த பக்கத்து வீட்டுப் பெண்கள் வெயில்காலத்தில் இன்னொரு முறை செய்தார்கள். முழங்கைவரை வளையல் போட்டுக்கொண்டு அவள் துணி துவைக்கும்போது தெருவே அந்தச் சத்தத்தில் எழுந்தது. குழந்தை உள்ளேயே வளர்ந்தது. கம்பெனிச் சங்கு ஊதினால் வயிற்றில் புரண்டு படுத்தது, சாப்பாட்டுச் சங்குக்கு உதைத்தது, இசக்கிராஜா மாமா மெஷின் மிதிப்பதுபோல் தரையில் காலைத் தட்டினால் உள்ளிருந்து அதே தாளத்தைத் திருப்பித் தட்டியது. "எம்பிள்ள உள்ளயே ஓவர்டைம் பாக்கு" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். ஆனால் சொல்லும்போது அவர் கண் அக்காவின் வீங்கிய கால்களைத்தான் பார்க்கும். குழந்தை பிறந்த பிறகு வருகிறேன் என்று கோவில்பட்டியில் மூட்டை கட்டி வைத்திருந்த அவருடைய அம்மா அந்த மூட்டைமேலேயே தலைவைத்துத் தூங்கப் பழகினாள். குழந்தை பிறக்கட்டும், பிறகு வீடு மாற்றலாம், பிறகு வளைகாப்புப் பந்தலைப் பிரிக்கலாம், பிறகு சண்டையைப் பேசித் தீர்க்கலாம் என்று தெருவே எல்லாவற்றையும் அதன்மேல் கொண்டுவந்து சாய்த்திருந்தது. இவற்றையெல்லாம் யாரும் என்னிடம் பதியவில்லை, அவையும் நடக்காமலே நின்றன.

சரசாக்காவும் யூசுப் பாயும் அம்மாவிடம் பேசிப்பார்த்தார்கள்.

"ஏனுங் துளசிக்கா, ஒரு வார்த்தை, எடுத்துருன்னு சொன்னாத் தீந்துது" என்றாள் சரசாக்கா.

"அவ எடுக்கட்டும் மொதல்ல."

"அந்தப் புள்ளகிட்டக் கேட்டா, அம்மா எடுக்கட்டும் மொதல்லங்குது."

"பாருங்க, இப்பவே என்ற பேச்சக் கேக்கறாளா?"

யூசுப் பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பேத்தி வர்றாளோ பேரன் வர்றானோ, உங்க ரெண்டு பேரு சண்டையும் முடியறதுக்குள்ள அதுக்கு மீசையே மொளச்சுரும்மா."

அம்மா சிரிக்கவில்லை. ஆனால் அவள் கல்லும் இல்லை. ஒரு காலையில் என் போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். மறுமுனையில் எடுத்துவிட்டார்கள் என்பது அவள் தோள் நிமிர்ந்ததில் தெரிந்தது. அம்மா வாயைத் திறந்தாள், தொண்டை அசைந்தது, உதடு அந்தப் பெயரின் முதல் எழுத்துக்குக் குவிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுவிட்டுப் போனை மேஜைமேல் வைத்தாள். அக்கா மறுமுனையில் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "அம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்குதா, மூச்சு இழுக்குது" என்று கேட்டாள். அக்காவும் ஒரு நாள் பாலம்வரை வந்திருக்கிறாள். பாதிப் பாலத்தில் எடுத்து வைத்த கால் தரைக்கு ஒரு முடி அளவு மேலே நின்றுவிட, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்க, திரும்பிப் போயிருக்கிறாள். கூப்பிட முயல்வதும் வர முயல்வதும் அவர்களுக்குப் பாசமாக இருந்தது. நிபந்தனையை எடு என்று சொல்வது மட்டும் இரண்டு பேருக்கும் தோற்றுப்போவதாக இருந்தது. நான் தினமும் காலையில் இரண்டையும் அழித்தேன். தினமும் காலையில் இரண்டும் இருந்தன.

ஆடியில் டாக்டரம்மா முதல்முறையாக முகத்தை மாற்றிக்கொண்டார். உள்ளே இடம் போதவில்லை, துடிப்பு மெதுவாகிறது என்றார். இசக்கிராஜா மாமா அன்றைக்கு வேடிக்கை எதுவும் பேசவில்லை. பஸ் ஸ்டாப்பில் என்னை ஏற்றிவிடும்போது, "நீ படிச்ச பிள்ள. எதாவது வழி இருக்கும்லா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கம்பெனியில், சாயப்பட்டறையிலிருந்து நீலத் துணி வராததால் ஒரு ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. மெர்ச்சண்டைசர் வந்து, வெள்ளையும் சிவப்பும் முடிந்திருக்கிறதல்லவா, அதைக் கட்டி அனுப்பிவிடு, நீலம் பின்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் எழுந்து படியிறங்கிச் செக்கிங் மேஜைக்குப் போனேன்.

"அம்மா, ஆர்டர் முழுசா ரெடியாகலீன்னா என்ன பண்ணுவாங்க?"

"பார்ட் ஷிப்மென்ட் பண்ணுவாங்க. இதெல்லாம் என்னக் கேட்டுத்தான் உனக்குச் சம்பளம் தர்றாங்களா?"

"கூப்படறதுன்னா என்னென்னம்மா? பிரிச்சுச் சொல்லுங்க."

அம்மா பனியனைத் திருப்பிப் பிசிறு தேடினாள். இல்லாத பிசிறை வெட்டினாள். நான் சொல்லிக்கொண்டே போனேன். சமைத்துக் கொடுத்து அனுப்புவது கூப்பிடுவது இல்லை. பழைய புடவையைத் துவைத்து மடித்து அனுப்புவது கூப்பிடுவது இல்லை. பாலத்து ஓரக் கடையில் காய் வாங்கப் போவது யாரையும் கூப்பிடுவது இல்லை. இவை எதன்மேலும் பூட்டு இல்லை.

"வாயாடி. காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்" என்றாள். அன்று சாயங்காலம் அரிசிம்பருப்புச் சாதம் செய்து, நெய்யை எனக்கு விட்டதைவிட அதிகமாக விட்டு, தூக்குப்போசியை என் கையில் கொடுத்தாள். போசி காலியாகத் திரும்பி வந்தது. அம்மா அதைக் கழுவுவதற்கு முன்னால் உள்ளே வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்து மடித்த புடவைகள் போயின. அந்தப் பக்கமிருந்து, அக்கா தைத்த, முன்பக்கம் கொக்கி வைத்த இரண்டு ரவிக்கைகள் வந்தன. அம்மாவின் அளவை அவள் மறந்திருக்கவில்லை. அதன்பிறகு அம்மா காய் வாங்கப் பாலத்துக்குப் போகத் தொடங்கினாள். அக்கா காற்று வாங்கப் பாலத்துக்கு வரத் தொடங்கினாள். சாயங்காலச் சங்கு ஊதி, சைக்கிளும் பைக்கும் நடையுமாகச் சனம் பாலத்தில் நிறையும் நேரத்தில், இந்தப் பக்கம் ஒருத்தி வெண்டைக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டும், அந்தப் பக்கம் ஒருத்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். நாளுக்கொரு விளக்குக் கம்பம் அளவுக்கு இரண்டு பேரும் நடுப்பாலத்தை நோக்கி நகர்ந்தார்கள். சனம் அவர்களைத் தொடாமல் இரண்டாகப் பிரிந்து போகப் பழகிக்கொண்டது. யாரும் நின்று பார்க்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம் கடைசிக் கம்பமும் தீர்ந்துபோய் அம்மா அக்காவுக்கு நேர் எதிரே நின்றாள். அக்காவின் கால் முன்னே வந்து தரைக்கு ஒரு முடி அளவு மேலே நின்றது. அம்மாவின் வாய் திறந்து மூடியது. நான் காய்ப்பையையும் இசக்கிராஜா மாமா குடையையும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். அம்மா கையை நீட்டி அக்காவின் வயிற்றில் வைத்தாள். அதன்மேலும் பூட்டு இல்லை. உள்ளிருந்து ஒரு உதை வந்தது. அம்மாவின் முகத்தில், கைதவறி விழுந்த ஒன்று உடையவில்லை என்று கண்ட முகம் வந்தது. அவள் குனிந்தாள். முகத்தை வயிற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எங்கள் இருவரிடமும் எங்கள் சின்ன வயதில் பேசிய அந்தக் குரலில் பேசினாள்.

"ஏஞ்சாமி, உனக்கும் எனக்கும் என்ன சண்டை? எத்தன நாளைக்கு உள்ளயே ஒடுங்கிக் கெடப்பீங்க? வாங்க. அம்முச்சி வந்திருக்கறேன். வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

அந்தக் குழந்தையைக் கூப்பிடக்கூடாது என்று யாரும் எங்கும் பதிந்திருக்கவில்லை. அது வந்தது. உள்ளே திரும்பித் தலையை அம்மா இருந்த பக்கம் வைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தது. வயிறு முன்னே போக, அதைச் சுமந்துகொண்டிருந்த அக்காவும் பின்னாலேயே போக வேண்டியதாயிற்று, மேலே நின்ற கால் தரையில் பதிந்தது, அடுத்த கால் அதற்கு முன்னே பதிந்தது. அம்மா குனிந்தபடியே பின்னோக்கி நடந்து, "வாங்க சாமி, இங்க ஒரு குழி, பாத்து வாங்க, இதுதானுங்க நம்ம தெரு" என்று வழியெல்லாம் வயிற்றிடம் சொல்லிக்கொண்டே போனாள். பின்னால் நாங்கள் போனோம், எங்களுக்குப் பின்னால் பாலத்திலிருந்த பாதிச் சனம் வந்தது. வாசலைத் தாண்டியதும் அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விளக்கு வைக்கும் முன்பே குழந்தை பிறந்துவிட்டது. பெண். பிறந்தபோதே தலைநிறைய முடியும், முளைக்கத் தொடங்கிய ஒரு பல்லும் இருந்தன. கோவில்பட்டிக்குப் போன் போட்டோம், அந்த அம்மா தலைக்கடியிலிருந்த மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

வந்தது யார் என்பதுதான் கம்பெனியில் பல நாள் பேச்சாக இருந்தது. கோகிலா வந்தாள் என்றார்கள் சிலர். அவளாக வரவில்லை, குழந்தை வந்தது, அவள் கூட வந்தாள் என்றார்கள் மற்றவர்கள். "சரக்கு வந்தா பெட்டியும் வந்துதான ஆகணும், அதுக்காகப் பெட்டிய ஆர்டர் பண்ணினதா கணக்கா?" என்று யூசுப் பாய் கேட்டார். நான் இரண்டு வரிகளுக்கும் டிக் போட்டுப் பார்த்தேன். காலையில் இரண்டுக்கும் பக்கத்தில் பூட்டு அப்படியே இருந்தது. அக்கா அவளாக வந்து வாசலில் நிற்கவில்லை. அம்மா அவளைக் கூப்பிடவில்லை.

அதனால் ஒரே வீட்டில் இருந்தும் அம்மாவால் அவளைக் கூப்பிட்டுப் பேச முடியவில்லை, அம்மா கூப்பிடாமல் அக்காவும் பேசவில்லை. பேசவேண்டியது எல்லாம் குழந்தை வழியாகப் போனது.

"பாப்பா, உங்கம்மாவச் சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடச் சொல்லு" என்பாள் அம்மா.

"அம்முச்சியும் கூட உக்காந்து சாப்பிட்டாத்தான் சாப்பிடுவாளாம்னு சொல்லு" என்பாள் அக்கா.

குழந்தை இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்க்கும். பூட்டை எடுத்துவிடட்டுமா என்று நான் இரண்டு பேரையும் தனித்தனியே கேட்டேன். அம்மா, "அவளக் கேளு" என்றாள். அக்கா, "அவங்களக் கேளு" என்றாள்.

ஒரு மத்தியானம் பவர்கட்டால் கம்பெனி சீக்கிரம் விட்டுவிட, நான் வீட்டுக்கு வந்தேன். மாமா இப்போது தைக்கிற வேறு கம்பெனியில் வேலையிலிருந்தார், அவருடைய அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். புடவையைத் தொட்டிலாகக் கட்டிய தூரியில் குழந்தை கிடந்தது. தூரிக்கு இந்தப் பக்கம், குழந்தைக்காக லீவு போட்டிருந்த அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா போனாளே, அன்னிக்கு நான் பொழுதோட அவளுக்குப் புடிச்ச கொள்ளுப்பருப்புக் கடைஞ்சு வெச்சிருந்தனுங்க சாமி. விடியறமுட்டும் சட்டிய மூடியே வெச்சிருந்தேன். அவ கட்டிக்கிட்டது கூடப் பெருசில்லீங்க. எங்கிட்டச் சொன்னா நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு அவளா முடிவு பண்ணிக்கிட்டா பாருங்க. நான் சொல்லியிருப்பனோ என்னவோ. கேட்டிருக்கலாமில்ல? படிப்ப நிறுத்தச் சொன்னப்பவும் அவ ஒண்ணுஞ் சொல்லல, நான்தான் சொன்னேன், அவ தலையாட்டினா. அப்பவே ஒரு நாளு மாட்டேன்னு சொல்லியிருந்தா..."

தூரியின் அந்தப் பக்கம் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். புடவைத் துணி நடுவில் தொங்கியதால் அம்மாவுக்கு அவள் முகம் தெரியாது, எனக்குத் தெரிந்தது. குழந்தையின் கண்கள் சொருகத் தொடங்கின. குழந்தை தூங்கிவிட்டால் அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள், தூங்குகிறவளிடம் யார் பேசுவார்கள். அக்கா தூரிக்குள் கையை விட்டு, குழந்தையின் உள்ளங்காலை விரல்நுனியால் மெதுவாக வருடினாள். குழந்தை சிணுங்கிக் கண்ணைத் திறந்தது.

"தூக்கம் வரலீங்களா?" என்றாள் அம்மா. "சரி, இன்னும் கேளுங்க."

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா கையை எடுக்கவில்லை.